மணலில் இறங்குமுன்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து வருஷமா வளைகுடாவிலே இருக்கியே, ஏதாவது பேசுப்பா" என்றார். "கட்டுமானத் துறையைப் பத்திப் பேசட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க. நீ மணல்லே ஜீப் ஓட்டறியாமே, அதைச் சொல்லு. ஜனங்க தூங்காம இருப்பாங்க" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார். ஆகையால் பொறுப்பு பெரிது.

நான் சார்ஜாவில் சிவில் எஞ்சினியர். எங்கள் குழுவில் சுமார் இருபது வண்டிகள். திருச்சி, நாகர்கோவில், பாலக்காடு, லாகூர், மணிலா என்று பல ஊர்க்காரர்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, மாதம் இரண்டு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கில் கூடுவோம். பிளாஸ்கில் டீ, டப்பாவில் புளியோதரை. வெயில் ஏறுவதற்குள் மணலுக்குள் போய்விட்டு மத்தியானத்துக்குள் ரோட்டுக்குத் திரும்பிவிடுவோம். துபாயிலிருந்து ஹத்தா போகிற பக்கத்தில் அல் பதாயர் என்கிற செம்மணல் மேடு இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'பிக் ரெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலைஹா பக்கம் ஒரு பாறைக் குன்று உண்டு. அதில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. பாலைவனத்தின் நடுவில் நின்றுகொண்டு சிப்பியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை தெற்கே லீவா போவோம். அங்கே தல் மொரீப் என்ற மணல் மலை ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். அதற்கும் தெற்கே ஆரம்பிப்பதுதான் ரூப் அல் காலி, அதாவது 'வெற்றிடம்'. சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டை ஐந்து தடவை பரப்பி வைக்கலாம்.

"இதிலே என்னப்பா இருக்கு? பெட்ரோல் தண்டம்" என்று என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் வண்டியைப் பற்றி. சாதாரணக் காரில் இரண்டு சக்கரத்துக்குத்தான் எஞ்சினின் விசை போகும். அதிலும் ஒரு சக்கரம் சகதியில் மாட்டினால், டிஃபரன்ஷியல் விசையைச் சுலபமாகச் சுற்றுகிற அந்தச் சக்கரத்துக்கே அனுப்பிவிடும். அது வீணாகச் சுற்றும். நல்ல தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். ஃபோர் வீல் டிரைவில் நான்குக்கும் விசை போகிறது. கூடவே 'லோ ரேஞ்ச்' என்று ஒரு கியர் உண்டு. அதைப் போட்டால் வேகம் குறைந்து, சக்கரத்தின் திருகுவிசை சுமார் இரண்டரை மடங்காகும். மாட்டுவண்டி வேகத்தில் மலை ஏறலாம். நம் ஊரில் கலெக்டர் ஜீப்பிலும் எஸ்டேட் ஜீப்பிலும் கியர் லிவர் பக்கத்தில் குட்டியாக இன்னொரு லிவர் இருக்குமே, அதுதான்.

இதைக் கேட்டதும், 'அப்படியென்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாமே' என்று தோன்றும். புதிதாக வண்டி வாங்குகிற எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் மெத்தென்ற மணலில் நான்கு சக்கரமும் சுழன்றால் நான்கு சக்கரமும் புதையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் நம் கல்லூரி வருகிறது. மூன்றாம் ஆண்டில் சாயில் மெக்கானிக்ஸ் படித்தோம். உலர்ந்த மணலுக்கு ஒட்டும் தன்மை கிடையாது, உராய்வு மட்டும்தான் என்று சார் கரும்பலகையில் எழுதினார். தட்டில் மணலைக் கொட்டி, அது எந்தக் கோணத்தில் சரிந்து நிற்கிறது என்று அளந்தோம். 33 டிகிரி பக்கம் வரும். எங்கள் பேட்சில் பாதிப் பேர் அளக்காமலேயே பக்கத்து பெஞ்சைப் பார்த்து 33 என்று எழுதினார்கள். அது வேறு கதை.

அந்தப் பாடத்தின் பரீட்சை பாலைவனத்தில் நடக்கிறது. சாமான்களோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 625 கிலோ. ரோட்டில் டயரின் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. டயர் சுவரின் விறைப்பைக் கணக்கில் விட்டுவிட்டால், டயர் தரையைத் தொடுகிற பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். பரப்பு 590 பக்கம் வந்துவிடும். இரண்டே கால் மடங்குக்கும் மேலே! டயர் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் பரந்து, மணலின் மேல் மிதக்கிற மாதிரிப் போகும். ஒட்டகத்தின் பாதமும் இதே தத்துவம்தான். 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் வேறு ஆபத்து: திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஆக, பல லட்சம் ரூபாய் வண்டியை மணலில் ஓடவைப்பது ஒரு சின்னக் காற்றுமானி. மணலில் இறங்குமுன் காற்றை இறக்கு. எங்கள் குழுவின் முதல் சட்டம் இது.

இரண்டாவது, மணல் மேட்டின் உருவம். காற்று அடிக்கிற பக்கம் சரிவு குறைவாகவும் கெட்டியாகவும் இருக்கும். மறுபக்கம் மணல் கொட்டிக் கொட்டி, பொலபொலவென்று, அந்த 33 டிகிரியில் நிற்கும். மெதுவான பக்கத்தில் ஏறி, உச்சியில் வேகத்தைக் குறைத்து, மறுபக்கம் நேராக இறங்க வேண்டும். சரிவில் குறுக்கே வண்டியைத் திருப்பினால் உருண்டுவிடும். உச்சி நேரத்தில் இன்னொரு தொல்லை. சூரியன் தலைக்கு மேல் இருந்தால் நிழல் விழாது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்கே தெரியாது. எல்லாம் ஒரே மஞ்சள் பாயாகத் தெரியும். காலையிலும் மாலையிலும்தான் நிழலை வைத்து மணலைப் படிக்க முடியும்.

மூன்றாவது, போகிற ஒழுங்கு. முன்னால் தலைவர் வண்டி. அவருக்கு அடுத்தபடியாக, குழுவிலேயே புதியவர். கடைசியில் நல்ல அனுபவசாலி, நல்ல வண்டி. ஒவ்வொருவரும் கண்ணாடியில் பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவர் நின்றால் நீ நில். நீ நின்றால் உன் முன்னால் இருப்பவர் நிற்பார். இப்படி ஒரு நிமிஷத்தில் மொத்தக் கூட்டமும் நின்றுவிடும். முன்னால் போனவர் வாக்கி டாக்கியில் "கிளியர்" என்று சொல்லாமல் யாரும் உச்சியைத் தாண்டக் கூடாது. மேட்டுக்கு மறுபக்கம் அவர் மாட்டிக்கொண்டு நிற்கலாம். இதற்காகத்தான் வண்டியின் மேல் நீளக் கம்பியில் கொடி கட்டுகிறோம். பார்க்கிறவர்கள் அழகுக்கு என்று நினைக்கிறார்கள்.

எங்கள் தலைவர் எஞ்சினியர் இல்லை. பாலக்காட்டுக்காரர், ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். பத்தாம் வகுப்பு. நாங்கள் எல்லோரும் சேட்டா என்றுதான் கூப்பிடுவோம். குழுவில் டாக்டர் இருக்கிறார், பேங்க் மேனேஜர் இருக்கிறார், என்னைப் போல அரை டஜன் எஞ்சினியர்கள் இருக்கிறோம். மணலில் இறங்கிவிட்டால் சேட்டா சொன்னால் சொன்னதுதான். ஒருநாள் லீவாவில் ஒரு மேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம், திரும்பலாம்" என்றார். எங்கள் ஆட்களில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார், ஏறும் என்றார். சேட்டா சிரித்துக்கொண்டே, "ஏறும் சாரே. எறங்க ஆள் வேணுமே" என்றார். திரும்பினோம். அங்கே உத்தியோகத்துக்கு மதிப்பில்லை. மணல் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

பழைய கதையும் இதைத்தான் சொல்கிறது. பெர்ட்ரம் தாமஸ் 1930-31ல் ரூப் அல் காலியைக் கடந்தார். வில்ஃபிரெட் தெசிகர் 1946க்கும் 1948க்கும் இடையில் இரண்டு முறை கடந்தார். புத்தகங்களில் இவர்கள் பெயர் பெரிதாக இருக்கிறது. ஆனால் இருவருமே பெதுயின் மக்களோடு, அவர்களுடைய ஒட்டகங்களில், அவர்கள் காட்டிய வழியில்தான் போனார்கள். கிணறு எங்கே என்று தெரிந்தவன் பெதுயின்தான்.

இனி, இந்தப் பேச்சை நான் ஒத்துக்கொண்டதற்கான காரணத்தைச் சொல்கிறேன். தம்பிகள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம். அந்த மாதத்தில் நாங்கள் மணலுக்குப் போவதே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சேட்டாவிடமிருந்து போன். நம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர், அங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கியிருக்கிறார்கள். லீவு நாளில் 'சும்மா ஒரு ரவுண்டு' என்று மணலில் இறங்கியிருக்கிறார்கள். தனி வண்டி. மத்தியானம் ரூம் நண்பனுக்கு இருக்கிற இடத்தை அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் போன் எடுக்கவில்லை. நண்பன் 999க்குச் சொல்லிவிட்டு எங்களையும் கூப்பிட்டிருக்கிறான்.

மூன்று வண்டிகளில் போனோம். போலீஸ் வண்டி ரோட்டோரம் வந்துவிட்டது. ஆம்புலன்சையும் வரச் சொன்னார்கள். அவர்கள் அனுப்பிய இடத்தில் வண்டி இல்லை. அதற்கப்புறமும் உள்ளே போயிருக்கிறார்கள். காற்று டயர்த் தடத்தை அழித்துவிட்டது. சூரியன் இறங்கியும் வெப்பம் நாற்பதுக்குக் கீழே வரவில்லை. இருட்டில் மேட்டுக்கு மேடு ஏறி விளக்கடித்துத் தேடினோம். எட்டரை மணி இருக்கும். சேட்டா எல்லா வண்டியையும் அணைக்கச் சொன்னார். எஞ்சின், ஏசி, விளக்கு எல்லாம். ஒருத்தரும் பேசக் கூடாது என்றார். அவர் மட்டும் ஒரு தடவை நீளமாக ஹாரன் அடித்துவிட்டு நிறுத்தினார். காது கொடுத்து நின்றோம். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை அடித்து நிறுத்தியதும், கிழக்கே எங்கோ, கொசு ரீங்காரம் மாதிரி ஒரு ஹாரன் சத்தம் கேட்டது.

வண்டி ஒரு மணல் குழிக்குள், அச்சு வரைக்கும் புதைந்திருந்தது. ஒரு பையன் அதன் பக்கத்தில் படுத்திருந்தான். தண்ணீர் மத்தியானமே தீர்ந்துவிட்டதாம். இன்னொருத்தன் இல்லை. தூரத்தில் வெளிச்சம் தெரிகிறது, போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று ஏழு மணிக்கு நடந்து போயிருக்கிறான்.

சேட்டா டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். டார்ச்சை மேலே இருந்து அடிக்கவில்லை. கணுக்கால் உயரத்தில், தரைக்குக் கிடையாகப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் ஒவ்வொரு காலடிக்கும் நீள நிழல் விழுகிறது. மேலே இருந்து பார்த்தால் வெறும் மணல். அந்த நிழல்களைத் தொடர்ந்து போனோம். தடம் முதலில் நேராகப் போயிற்று. அப்புறம் வளைந்தது. அப்புறம் தன் தடத்தையே குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சரிவில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. உடம்பு கொதிக்கிறது, வியர்வை இல்லை. பேர் கேட்டால் அவன் அம்மா பேரைச் சொல்கிறான். ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறி, தூக்கி வண்டியில் ஏற்றி ஆம்புலன்சுக்குக் கொண்டுவந்தோம். இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போனோம். சேட்டா ஒரு வார்த்தை திட்டவில்லை. குனிந்து டயரில் காற்றுமானியை வைத்துப் பார்த்தார். எங்களிடம் காட்டினார். முப்பத்தைந்து.

அந்தப் பையன் பிழைத்து எழுந்து, இப்போது எங்கள் குழுவில்தான் இருக்கிறான். அவன் வண்டியில் தண்ணீர் எப்போதும் எல்லோரையும்விட அதிகம்.

தம்பிகளே, உங்களில் பலர் நாளைக்கு வளைகுடாவுக்கு வருவீர்கள். சம்பளம் கொஞ்சம் நின்றதும் வண்டி வாங்குவீர்கள். வாங்குங்கள், சந்தோஷம். ஆனால் தனி வண்டியாக மணலில் இறங்காதீர்கள். தலைக்கு ஆறு லிட்டர் தண்ணீர், மண்வெட்டி, காற்றுமானி, கம்ப்ரசர், இழுக்கிற கயிறு, ஷாக்கிள் இல்லாமல் போகாதீர்கள். கயிற்றை டிரெய்லர் மாட்டுகிற குண்டில் மாட்டாதீர்கள். வெடுக்கென்று இழுக்கும்போது அது உடைந்து பீரங்கிக் குண்டு மாதிரிப் பறக்கும். அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வழி தவறினால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுகிறவன் கண்ணுக்கு மனிதனைவிட வண்டிதான் சீக்கிரம் படும். வண்டியின் நிழலே பாதி உயிர்.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஓமானிலும் எமிரேட்ஸிலும் 'வாடி' என்றால் நம் காட்டாறு மாதிரி. பெரும்பாலும் வறண்டு கல்லாகக் கிடக்கும். மழை இங்கே பெய்ய வேண்டும் என்பதில்லை, மேலே பெய்தால் போதும். 2024 ஏப்ரல் 14 அன்று ஓமானில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற வண்டி வெள்ளத்தில் போய், பிள்ளைகள் பலர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து அல் அய்ன் பக்கம் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த மாதமே நம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனை அடித்துக்கொண்டு போயிற்று. ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி ஆழம் இருந்தால் பெரிய ஜீப்பும் மிதக்கும். மிதக்கிற வண்டிக்கு எத்தனை சக்கரத்தில் விசை இருந்து என்ன பிரயோஜனம்? வெள்ளம் போகிற வாடியில் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், வண்டி 60 நாள் ஜப்தி என்று எமிரேட்ஸ் 2023ல் சட்டமே போட்டுவிட்டது.

கடைசியாக, போகிற இடத்துக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. பாலைவனத்தில் 'காஃப்' என்று ஒரு மரம் தனித்தனியாக நிற்கும். எமிரேட்ஸின் தேசிய மரம். முதல் தடவை பார்த்தபோது எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. விசாரித்தால், நம் வன்னி மரமேதான்! விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிற வன்னி. பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்ததாகச் சொல்கிற வன்னி. அங்கே மணலுக்குள் ஆழமாக வேரை விட்டுத் தண்ணீரைத் தேடிப் பிடித்துக்கொண்டு, ஒட்டகத்துக்குத் தழையும் ஆட்டிடையனுக்கு நிழலும் தருகிறது. அதன் வேர்ப்பக்கம் வண்டியை ஏற்றக் கூடாது, புல் புதர் மேல் ஓட்டக் கூடாது, கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம். துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி 225 சதுர கிலோமீட்டர் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அனுமதியில்லாமல் உள்ளே போவதில்லை.

நம் ஊரிலும் இப்போது நிறையப் பேர் ஃபோர் வீல் டிரைவ் வாங்குகிறார்கள். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். அது தெரிந்தும், வண்டிக்கு வலு இருக்கிறது என்று ஓடையிலும் சோலையிலும் சக்கரத்தை இறக்குகிறவர்களைப் பார்க்கிறேன். மணலில் விழுந்த தடத்தைக் காற்று ஒரு நாளில் துடைத்துவிடும். மலைச்சரிவுப் புல்தரையில் விழுந்த தடத்தில் அடுத்த மழைக்கு ஓடை பிறக்கும், மண் போகும். சிவில் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனசு வரவில்லை. முறையாக அனுமதி வாங்கிப் போக நம்மிடம் எவ்வளவோ நல்ல மலைப்பாதைகள் இருக்கின்றன. உள்ளூர் ஜீப் டிரைவர் ஒருவரை முன்னால் விட்டு, அவர் பின்னால் போங்கள். அவர் உங்களுக்குச் சேட்டா.

என் மாமனார் கேட்டாரே, இதில் என்ன இருக்கிறது என்று. நான் சொன்ன பதில் இதுதான்: "மாமா, ரோட்டில் எல்லோரும் முந்திக்கொண்டு போகிறோம். வாரத்தில் ஒருநாள், பின்னால் வருகிறவனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிற இடம் அது ஒன்றுதான்." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, அடுத்த தடவை நான் வரும்போது என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார். போன ஜனவரியில் கூட்டிக்கொண்டு போனேன். புளியோதரை அவர் பொறுப்பு.